உதிராத இலைகள்

ஜோன் கீற்ஸ் 1819 செப்டெம்பர் 19இல் வின்செஸ்டரில் எழுதிய கவிதையை ‘இலையுதிர்காலத்துக்கு’ என்றே படிப்பிக்கிறோம். 33 வரிகளையும் தேடிப் பாருங்கள், உதிரும் இலை ஒன்றுகூட இல்லை. ஆப்பிள் பாரத்தில் வளையும் மரங்கள், பிந்திய பூக்களில் தேனீக்கள். வெட்டப்போன பருவகாலமே பாதி வெட்டின வயலில் கிறங்கித் தூங்கிப்போகிறது. எனக்கு இந்த இடந்தான் உச்சம்: வேலையாளும் அதுவே, விளைச்சலும் அதுவே.

கடைசிப் பகுதியில் காது திறக்கிறது. கொசுக்கூட்டம், ஆட்டுக்குட்டிகள், சிள்வண்டு, வானத்தில் கூடும் தகைவிலான்கள். தம்பியைக் காசநோய்க்குப் பறிகொடுத்து ஓராண்டும் ஆகாதவர் எழுதியது. ஆனால் ‘நான்’ என்ற சொல்லே இல்லை.

‘கூதிர்’ என்று பெயர்ப்பதும் சரிவராது. நெடுநல்வாடையின் கூதிர் மழையும் நடுக்குங் குளிருமல்லவா?

அறுவடை முடிந்த அரிதாள் வயல் கதகதப்பாகத் தெரிவதாக நண்பர் ரெனோல்ட்ஸுக்குக் கீற்ஸ் எழுதினார். வேளாண்மை வெட்டு முடிஞ்ச வரம்பில் நடந்த நம்ம அம்பாறைப் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும். அதை விட்டுட்டு, அவங்க காணாத செம்மஞ்சள் இலைகளைப் படத்தில் காட்டிக்கொண்டிருக்கிறோம். ‘விளைகாலம்’ என்றுதான் நான் வகுப்பில் சொல்றது.