புஷ்பக்கின் 12 கிலோ

நம்ம ஊர் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை புஷ்பக் விமானத்தில்தான் பறக்கக் கற்றது. பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்தது, வி. எம். கட்டகேயின் வடிவமைப்பு, 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைத்திறன் எஞ்சின், அருகருகே இரண்டு இருக்கை. அமெரிக்காவின் ஏரோன்கா சீஃபும் இதுவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. அதிகபட்சப் புறப்பாட்டு எடை 612 கிலோ.

இந்த எண்ணைச் சும்மா அமெரிக்கத் தராசில் வைத்துப் பார்த்தேன். அங்கே 2004ல் ஸ்போர்ட் பைலட் உரிமம் வந்தது. பெரும்பாலோருக்குக் கார் லைசென்ஸே மருத்துவச் சான்றுக்குப் பதிலாகப் போதும். வயசான விமானிகளுக்கு வரம்தான். ஆனால் தரையிலிருந்து பறக்கும் விமானம் 600 கிலோவைத் தாண்டக் கூடாது. 567 கிலோ சீஃப் தேறிவிடும். புஷ்பக் 12 கிலோவில் அவுட்.

சரி, காகிதத்தில் எடையைக் குறைத்துக்கொண்டால்? அதுவும் நடக்காது. முதல் சான்றிதழ் நாளிலிருந்து தொடர்ந்து வரம்புக்குள் இருந்திருக்க வேண்டும். எர்கூப் என்ற 1940களின் விமானத்தில் 415-சி மாடல் 1260 பவுண்டு, 415-டி மாடல் 1400 பவுண்டு, வரம்பு 1320. ஒரு சி-யை எப்போதோ டி-யாக மாற்றிவிட்டு, பிறகு பழையபடி திருப்பினாலும் செல்லாது. இன்றைய கோடு சரியாக ஓடுகிறது, ஆனால் கிட் ஹிஸ்டரியில் ஒரு பழைய கமிட் இருக்கிறது, அதனால் ரிஜெக்ட் என்பது போல. கனமான விமானங்கள் காகிதத்தில் இளைத்து உள்ளே வருவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, புரிகிறது. அதற்காக விமானத்தைப் பார்க்காமல் ஜாதகத்தைப் பார்ப்பதா? பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்று 1987ல் ராஜகோபுரமான ஒன்றின் நிழலில் வாழும் ஸ்ரீரங்கத்துக்காரனிடம் 'மூல வடிவம்' பற்றிப் பேசினால் சிரிப்புதான் வரும்.

2025 ஜூலையில் மொசெய்க் என்ற புதிய விதி வெளியானது. அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட்டுக்கு எடை வரம்பு இல்லை. ஃப்ளாப் போன்ற உதவிகள் இல்லாமல், முழு எடையில், ஸ்டால் வேகம் (இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் வேகம்) 59 நாட்டுக்குள் இருக்க வேண்டும். நாலு இருக்கை செஸ்னா 172கூட உள்ளே வந்துவிட்டது, பயணி ஒருவர்தான் என்றாலும். புஷ்பக் தூங்கிக்கொண்டே பாஸாகும்.

எடையைவிட ஸ்டால் வேகம் நேர்மையான அளவுகோல் என்பது என் கட்சி. தரையில் மோதும்போது ஆளைக் கொல்வது வேகத்தின் வர்க்கம். ஆனால் கணக்கு அதோடு நிற்கவில்லை. பழைய வரம்பு 45 நாட். 59ஐ 45ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 1.72. ஒவ்வொரு கிலோவுக்கும் 72 சதவீதம் கூடுதல் ஆற்றல், அதற்குமேல் கிலோவும் கூடியிருக்கிறது. "பாதுகாப்பான அளவுகோலுக்கு மாறினோம்" என்பது பாதி உண்மை. அளவுகோலை மாற்றும்போதே கோட்டையும் தள்ளி வைத்துவிட்டார்கள்.

அப்புறம், மாற்றியமைத்த பழைய விமானம். இறக்கையின் மேல் சின்னச் சின்னத் தகடுகளாக வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் ஒட்டினால் ஸ்டால் வேகம் நிஜமாகவே குறையும். எடையைக் காகிதத்தில் குறைப்பது போல அல்ல, இது காற்றில் நடக்கும் மாற்றம். கையேட்டில் இருப்பதோ தகடு ஒட்டாத விமானத்தின் எண். 1940களின் கையேடுகள் பலவற்றில் அதுகூட, விதி கேட்கும் திருத்திய வேகமாக இருக்காது. விளிம்பில் நிற்கும் விமானத்துக்கு முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி இதுதான்: அந்த எண்ணை யார், எப்படி அளந்து, எந்தத் தாளில் எழுதுவது?