ஏற ஆளில்லாத பனை

பனி, பனை. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். இந்த ஒலி ஒற்றுமை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், புலம்பெயர் தமிழ் எழுத்தைப் பற்றி நாம் இவ்வளவு சுலபமாகப் பேசியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

1994இல் எஸ்.பொ.வும் இந்திரனும் தொகுத்து, மித்ர வெளியீடாக ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. பெயர் ‘பனியும் பனையும்’. ஆஸ்திரேலியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று சிதறிப்போன ஈழத்தமிழர்களின் கதைகளை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்த ஆரம்பகால முயற்சிகளில் முக்கியமானது. கச்சிதமான பெயர். கச்சிதமான பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தை வாசிக்காதவர்களும் பெயரை வாசித்துவிடுவார்கள், வாசித்ததே போதும் என்றும் இருந்துவிடுவார்கள்.

அதுதான் நடந்தது. பனி என்றால் அந்நியம், தனிமை, இரவு வேலை, நிராகரிக்கப்பட்ட அகதி விண்ணப்பம். பனை என்றால் ஊர், அம்மா, நிலவு, கூழ். முப்பது வருடங்களாகக் கட்டுரைகளிலும் மதிப்புரைகளிலும் மேடைகளிலும் இதே இரண்டு கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். டெம்ப்ளேட் ஒன்று கையில் இருந்தால் போதும், எந்தக் கதைக்கும் விமர்சனம் எழுதிவிடலாம். ஊர் நினைவை எழுதுவதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்த நினைவில் நிற்கிற பனை, பனை மாதிரியே இல்லையே என்பதுதான் புகார்.

முதலில் பனியை எடுத்துக்கொள்வோம். எஸ்.பொ. குடியேறியது சிட்னியில். அங்கே பனி பெய்வதில்லை. பனை இனத்து மரங்கள் தெருவோரத்தில் நன்றாகவே வளர்கின்றன. இந்திரன் இருந்தது சென்னையில். ஆக, இந்தத் தலைப்பைத் தாங்கி வந்த தொகுப்பாளர்கள் இருவருமே பனிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘பனி’ அப்போதே வெறும் வானிலையாக இல்லை, அடையாளமாகிவிட்டிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். சொல்லும் பழைய சொல்தான். தொல்காப்பியம் சொல்லும் பெரும்பொழுதுகளில் முன்பனியும் பின்பனியும் உண்டு. ஆனால் அந்தப் பனி புல்நுனியில் நிற்கிற பனி, காலையில் கண்ணை மறைக்கிற பனி. மார்கழி இரவிலும் இருபது டிகிரியை ஒட்டியே இருக்கிற மதுரைக்காரனுக்கு இன்றைக்கும் அதுதான் பனி. முழங்கால் வரைக்கும் குவிந்து, மண்வெட்டியால் அள்ளிப் போட வேண்டிய வஸ்துவுக்கு அதே சொல்லைக் கொடுத்தது புதிய வேலை. சிலர் ‘ஸ்நோ’ என்றே எழுதினார்கள். குளிர்நாட்டுக்குப் போய் முதலில் தன்னைப் பழக்கிக்கொண்டது மரமல்ல, ஒரு சொல்.

இப்போது பனை. குளிர்நாட்டில் பனை வளருமா? இதை உருவகமாகக் கேட்கவில்லை, நேராகவே கேட்கிறேன். ஏனென்றால் நாம் ‘வேர்’, ‘பிடுங்கி நடுதல்’ என்றெல்லாம் பேசும்போது ஒரு மரத்தின் மேல்தான் பாரத்தை ஏற்றுகிறோம். அந்த மரம் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டாமா?

பனங்கொட்டை முளைக்கும் விதமே தனி. முளை முதலில் மேலே வராது. கொட்டையிலிருந்து குழாய்போல ஒன்று மண்ணுக்குள் நேரே கீழே இறங்கும். செடி அதன் நுனியில், ஆழத்தில் உருவாகும். வெளியே ஓலை தலைகாட்டுவதற்கு முன்பே கீழே கிழங்கு தடித்திருக்கும். பொங்கல் சமயத்தில் மதுரைச் சந்தைகளில் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிற பனங்கிழங்கு இதுதான். மேலே ஒன்றும் தெரியாத நாட்களில் கீழே நடக்கிற இந்த வேலைக்குக் கதகதப்பான மண் வேண்டும். கன்றானபிறகு பிடுங்கி நட்டால் பெரும்பாலும் தேறாது. ஆணா பெண்ணா என்று தெரியவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். இதெல்லாம் போக, ஒரு பனைக்கு ஒரே ஒரு குருத்துதான். வேம்பு மாதிரி, வெட்டிய இடத்தில் கிளைத்துக்கொள்ளத் தெரியாது. குருத்து உறைந்து அழுகினால் மரம் முடிந்தது. ஜனவரி இரவில் மைனஸ் இருபதைத் தொடக்கூடிய டொராண்டோவில், திறந்த வெளியில் நம் பனைக்கு ஒரு குளிர்காலம்கூடக் கிடையாது.

ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? குளிர்நாடுகளில் பனை வளர்க்க இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தான். ஒன்று, கண்ணாடி வீடு. லண்டன் கியூ தோட்டத்தில் 1848இல் கட்டி முடித்த பாம் ஹவுஸ் அப்படிப்பட்டது. இரும்புச் சட்டம், வளைந்த கண்ணாடி, உள்ளே வெந்நீர்க் குழாய். வெளியே குளிர், உள்ளே எப்போதும் வெப்பமண்டலம். இரண்டாவது வழி, குளிரைத் தாங்குகிற வேறொரு பனையைப் பிடிப்பது. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய விசிறி ஓலைப் பனைக்கு இன்று அவர் பெயரே ஒட்டியிருக்கிறது: டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனை. உடம்பெல்லாம் நார்ச்சட்டை. மைனஸ் பத்தைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் அது சாதாரணமாக நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நம்ம ஊர் வடலி மாதிரியே இருக்கும். அதில் பதநீரும் இல்லை, நுங்கும் இல்லை.

புலம்பெயர் எழுத்தில் பனை வருகிற இடங்களைப் பார்த்தால் இந்த இரண்டு வகையும் தட்டுப்படும். கண்ணாடி வீட்டுப் பனை என்பது, கிளம்பிய வருடத்தின் வெப்பத்திலேயே ஊரை நிறுத்தி வைத்திருக்கிற எழுத்து. வெளிக்காற்று பட்டால் வாடிவிடும் என்று எழுதுகிறவருக்கே பயம். அதனால் ஊரில் அதற்குப் பிறகு நடந்த எதுவும் உள்ளே வர முடியாது. இரண்டாவது, பார்வைக்குப் பனை, பயனுக்கு ஒன்றுமில்லை என்கிற எழுத்து. அட்டைப்படத்தில், சங்கத்தின் இலச்சினையில், கவிதையின் கடைசி வரியில் நிற்கிற பனை. அதில் யாரும் ஏறியதில்லை.

யாரும் ஏறியதில்லை என்பதில்தான் எனக்குப் பிரச்சினை தொடங்குகிறது. பனை தென்னந்தோப்பு மாதிரி, தேங்காய் தானாக விழும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற மரம் இல்லை. பாளை வந்துவிட்டால் தினமும் ஏற வேண்டும். ஒரு தடவை போதாது, காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் சுரப்பு நின்றுபோகும். முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு. பனை என்றால் அந்த உடம்பும் சேர்த்துத்தான்.

அந்த உடம்புக்குச் சாதி உண்டு. யாழ்ப்பாணத்தில் சீவல் தொழில் செய்தவர்கள் கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழையப் போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வந்தது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட ஐந்து சாதிகளில் பனை ஏறியவர்களும் அடக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964. நொடித்துப்போன குடும்பத்து லிஸிக்கும் பனையேறியான தங்கராஜுக்கும் இடையிலான காதல். அந்த நாவலில் பனை ஏக்கத்தின் சின்னம் அல்ல. மரத்தை வைத்திருப்பவர் யார், ஏறுபவர் யார் என்று இரண்டு மனிதர்களை அளந்து காட்டும் கோல். அதனால்தான் அங்கே பனை மரமாகவே இருக்கிறது, பாரமும் சுமக்கிறது.

இந்த இரண்டு நாவல்களையும் வாசித்துவிட்டு, ‘எங்கள் பனை’ என்று உருகுகிற ஒரு புலம்பெயர் கவிதைக்கு வந்தால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. யாருடைய பனை? வேலிக்கு உள்ளே நின்று பார்த்தவருடையதா, மேலே ஏறியவருடையதா? விமானம் ஏறியபோது இருவரும்தான் ஏறினார்கள். ஒருவருக்கு ஊர் என்பது இழந்த சொர்க்கம். இன்னொருவருக்குக் குளிர்நாடு, தன்னைச் சாதி கேட்காத முதல் தெருவாகவும் இருந்திருக்கலாம். ‘பனி அந்நியம், பனை சொந்தம்’ என்ற டெம்ப்ளேட்டில் இரண்டாவது ஆளுக்கு இடமே இல்லை. விமர்சனம் அவரை மறுபடியும் வேலிக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

பழைய இலக்கியமும் இந்த டெம்ப்ளேட்டுக்கு உதவாது. சங்கப் பாட்டில் பனை ‘ஊர்’ அல்ல. காதலன் பனை மடலில் குதிரை செய்து, அதன்மேல் ஏறித் தெருவில் வரப்போவதாக மிரட்டுவான். பெண்பனையில் அன்றில் கூடு கட்டும். இரவில் அது கத்தினால் பிரிந்திருப்பவளுக்குத் தூக்கம் போகும். பனம்பூ சேரனின் போர் அடையாளம். திருக்குறளில் பனை ஓர் அளவு, தினைக்கு எதிர்ப்பக்கம். மிரட்டல், தூக்கமின்மை, போர், அளவு என்று இத்தனை வேலை செய்த மரத்தை ‘ஏக்கம்’ என்ற ஒரே வேலைக்கு நாம் குறைத்துவிட்டோம்.

2015இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ கான் விழாவில் உயர்ந்த பரிசை வாங்கியது. நம் ஊடகங்களில் அது ‘தங்கப் பனை’ ஆனது. பரிசில் இருப்பது கான் நகரச் சின்னத்தில் உள்ள ஓலை. அந்த ஊர்க் கடற்கரையில் வரிசையாக நிற்பவையும் அலங்காரத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. நாம் நம் மரத்தையே கொடுத்துவிட்டோம். ஆனால் அதே ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ ஓர் அகதி விண்ணப்பக் கடிதத்திலிருந்து தொடங்குகிறது. விண்ணப்பத்தில் பனைக்கு மதிப்பில்லை. தேதி, இடம், யார் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதற்குத்தான் மதிப்பு. ஏக்கத்தை நம்பாத அதிகாரி ஒருவருக்கு எழுதுவதால் அந்த எழுத்துக்கு ஒரு முறுக்கு வருகிறது. அ. முத்துலிங்கத்தின் ‘கடவுள் தொடங்கிய இடம்’ நாவலிலும் அப்படித்தான். கனடாவை அடைய நாடு நாடாகத் தேங்கிக் கிடக்கும் இளைஞனின் கதை அது. முன்னால் நிற்பது மரமல்ல. ஏஜெண்டும் கள்ளக் கடவுச்சீட்டும் காத்திருப்பும். இரண்டிலும் குளிர் என்பது பின்னணிப் படம் இல்லை, கதையின் நடைமுறைச் சிக்கல். இவற்றைப் ‘பனை’ கட்டத்திலும் போட முடியாது, ‘பனி’ கட்டத்திலும் போட முடியாது.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ‘ஆடுகளம்’ படத்துப் பேட்டைக்காரனை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்தான் நார்வேயில் குடியேறிய ஈழக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் என்பது வாசகர்களிலேயே பலருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மதுரைச் சேவல்கட்டுக்காரராக அவரை நம்பிய நாம், அவருடைய கவிதைக்கு வரும்போது மட்டும் ‘பனியில் தவிக்கும் புலவர்’ என்று வேலி போடுகிறோம். புலம்பெயர்ந்தவர்தான் பனைக்கு ஏங்க வேண்டும், நாம் பனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம் என்று ஒரு மிதப்பு. அது உண்மையா? மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சாலைகளில் போய்ப் பாருங்கள். கண்மாய்க் கரையில் பனைகள் நிற்கின்றன. ஓலை வெட்டாமல், காய்ந்த மட்டைகள் பாவாடை மாதிரித் தொங்க நிற்கின்றன. ஏற ஆளில்லை என்று அர்த்தம். பல இடங்களில் மரமும் இல்லை, செங்கல் சூளைக்குப் போய்விட்டது. 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. வெட்டுவதைத் தடுக்க உத்தரவு போடலாம், ஏறுவதற்கு உத்தரவு போட முடியாது. அந்த வேலையின் கூலியும் ஆபத்தும் இழிவும் மாறாத வரைக்கும் பனையேறியின் பிள்ளை ஏறப்போவதில்லை. ஏறக் கூடாது என்று அவர் நினைத்தால் அதில் தவறு சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. வெப்பம் இருக்கிறது, மண் இருக்கிறது. இருந்தும் நம் பனையும் கொஞ்சம் கண்ணாடி வீட்டுப் பனைதான். மாநில மரம் என்ற பெயர்ப்பலகையோடு.

உண்மையில் கடல் கடந்து போனது எது என்று பார்த்தால் மரமல்ல, ஒடியல். கிழங்கைப் பிளந்து, வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கியது. டொராண்டோவின் ஸ்கார்பரோ கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். அந்த ஊர்த் தண்ணீரில் கரைத்து, அந்த ஊர் மீனையும் நண்டையும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு ஒடியல் துண்டும் மரமாகாமல் நிறுத்தப்பட்ட ஒரு பனை. அதைத் தோண்டியவர், பிளந்தவர், காயவைத்தவர் என்று பின்னால் கைகள் இருக்கின்றன. மரம் முழுசாக வந்துவிட்டது என்று அது பொய் சொல்வதில்லை. நல்ல புலம்பெயர் கதையிடம் நான் எதிர்பார்ப்பதும் இந்த நேர்மையைத்தான்.

அந்தத் தொகுப்பின் பெயரையே மறுபடியும் பாருங்கள். ‘பனியா பனையா’ என்று இல்லை, ‘பனியும் பனையும்’. அந்த ‘உம்’ இரண்டையும் மோதவிடவில்லை, சேர்த்து வைக்கிறது. முப்பது வருடமாக நாம் அந்த உம்மையைத்தான் வாசிக்காமல் விட்டோம். அடுத்த முறை ஒரு புலம்பெயர் கதையில் பனை வந்தால் நெகிழ்வதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அது எந்த மண்ணில் நிற்கிறது? அதில் யார் ஏறுகிறார்? பதில் இருந்தால் அந்தப் பனை எந்தக் குளிரிலும் உயிரோடு இருக்கும். இல்லையென்றால், அது மதுரையில் நட்டாலும் தழைக்காது.