மில்பிடாஸை விட்டுக் கிளம்புகிறவரின் போன் கணக்கு

எச்-1பி விசாவில் இருப்பவரின் வேலை போனால், அவர் அமெரிக்காவில் தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். 2017 ஜனவரியில் வந்த விதி இது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தபோது, கலிஃபோர்னியாவின் மில்பிடாஸிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம்மவர்கள் கூடிய இடங்களில் இந்த 60 நாள்தான் பேச்சு. வாடகை ஒப்பந்தம், கார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று ஓடுகிறவர்களுக்கு செல்போன் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். அப்போது வரும் பில் பல நூறு டாலராக இருக்கும். "ஒப்பந்தமே இல்லை என்று சொல்லித்தானே விற்றார்கள்?" என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது. அதற்குரிய பதில் சிக்கலானது.

பழைய முறையில் கட்டு வெளிப்படையாக இருந்தது. இரண்டாண்டு ஒப்பந்தம் போட்டால் 649 டாலர் ஐபோன் 199 டாலருக்குக் கிடைக்கும். இடையில் விலகினால் அபராதம். தொடக்கத்தில் எத்தனை மாதம் இருந்துவிட்டுப் போனாலும் ஒரே தொகைதான். அதை எதிர்த்து ஸ்பிரின்ட் செல்போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு அலமேடா மாவட்ட நீதிமன்றத்தில் நடந்தது. மில்பிடாஸின் வடக்கு எல்லையைத் தாண்டினால் அந்த மாவட்டம்தான். கலிஃபோர்னியா உரிமையியல் சட்டத்தின் 1671(டி) பிரிவுப்படி அந்தக் கட்டணம் சட்டவிரோத அபராதம் என்று 2008-இல் தீர்ப்பானது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாடிக்கையாளர் விலகுவதால் உண்மையில் எவ்வளவு இழப்பு என்று கணக்கிடாமல், போகவிடாமல் தடுப்பதற்காகவே ஒரு தொகையை வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். 2009 நவம்பரில் வெரைசன் ஸ்மார்ட்போனுக்கான கட்டணத்தை 350 டாலராக உயர்த்தியபோதும், மாதத்துக்கு 10 டாலர் வீதம் குறையும் என்று வைத்தது.

2013-இல் டி-மொபைல் ஒப்பந்த முறையைக் கைவிட்டது. 2015-இல் வெரைசனும், 2016 ஜனவரியில் ஏ.டி. அண்டு டி.யும் பின்தொடர்ந்தன. இப்போது சேவைக்குத் தனி விலை, போனுக்குத் தனித் தவணை. இந்த மாற்றத்தில் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. பழைய முறையில் போனின் விலை மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்திருந்தது. இரண்டாண்டு முடிந்த பிறகும் கட்டணம் இறங்காது. புதிய முறையில் வட்டி இல்லை, தவணை தீர்ந்ததும் பில் குறையும், சொந்த போனோடு வருபவர் எந்த மாதமும் விலகலாம்.

சிக்கல் 'இலவச போன்' சலுகையில் இருக்கிறது. 1,000 டாலர் போனை 36 மாதத் தவணையில் எடுத்தால், மாதம் 27.78 டாலர் பில்லில் ஏறும். அதே தொகை சலுகையாகக் கழியும். 14 மாதம் கழித்துச் சேவையை நிறுத்தினால் கழிவும் அந்த மாதத்தோடு நிற்கும். மீதி 22 தவணை, ஏறத்தாழ 611 டாலர், மொத்தமாகக் கட்ட வேண்டும். 2009-இன் வெரைசன் விதியில் இதே ஆள் கட்டியிருக்க வேண்டியது 210 டாலர்.

நிறுவனத்தின் வாதத்தையும் கேட்க வேண்டும். 14 மாதத்தில் 389 டாலர் தள்ளுபடி கிடைத்திருக்கிறது, போனும் கையில் இருக்கிறது, மீதி விலையைக் கேட்பது எப்படி அபராதம் ஆகும்? சட்டப்படி இந்த வாதம் வலுவானது. வாங்கிய பொருளின் பாக்கி என்று ஆகிவிட்டதால், ஸ்பிரின்டுக்கு எதிராகப் பயன்பட்ட 1671(டி) பிரிவு இங்கே எளிதில் எட்டாது. ஆனால் கணக்கு முழுமையாக இல்லை. இத்தகைய சலுகைக்குப் பெரும்பாலும் பழைய நல்ல போனைக் கொடுக்க வேண்டும், விலை கூடிய அன்லிமிடெட் திட்டத்திலும் சேர வேண்டும். பாதியில் போகிறவருக்குப் பழைய போன் திரும்பாது, கூடுதலாகக் கட்டிய மாதக் கட்டணமும் திரும்பாது. அவர் முன்பே கொடுத்த விலை இது. 389 டாலர் தள்ளுபடியைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

இன்னொன்று காலம். எச்-1பி முதலில் 3 ஆண்டுக்குத் தரப்படுகிறது. வெரைசனிலும் ஏ.டி. அண்டு டி.யிலும் தவணை 36 மாதம். எச்-1பி தொடங்கிய நாளிலேயே போன் எடுத்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் முடியும்; ஓராண்டு தள்ளி எடுத்தவரின் கடன், அவருக்கு முதலில் கிடைத்த தங்கும் உரிமையைத் தாண்டி நீள்கிறது. கனடாவில் 2013 டிசம்பரில் வந்த விதிப்படி விலகல் கட்டணம் போனுக்குத் தந்த சலுகையின் மீதியைத் தாண்டக் கூடாது. மாதாமாதம் சமமாகக் குறைந்து 24 மாதத்தில் பூஜ்யமாக வேண்டும். நம் உதாரணத்தில் அது 611-ஐ 417 டாலராக்கும். 2017 டிசம்பர் முதல் அங்கே போனைப் பூட்டி விற்பதும் கூடாது. இங்கே ஏ.டி. அண்டு டி.யும் டி-மொபைலும் தவணை தீராத போனை அன்லாக் செய்து தருவதில்லை. பாக்கி வைத்துவிட்டு சென்னையில் இறங்குபவரின் போனில் ஏர்டெல் சிம் வேலை செய்யாது.

அமெரிக்கச் சட்டத்துக்கு இந்தச் சங்கடம் தெரியாததல்ல. படைவீரர் ஒருவர் 90 நாளோ அதற்கு மேலோ தன் போன் சேவை கிடைக்காத இடத்துக்கு அனுப்பப்பட்டால், விலகல் கட்டணமின்றிச் செல்போன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் வழி செய்திருக்கிறது. தன் விருப்பமின்றி இடம் மாறுகிறவரை வழக்கமான வாடிக்கையாளராக நடத்தக் கூடாது என்பதே அதன் அடிப்படை. 60 நாளில் வெளியேற வேண்டியவருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நம்மவர்கள் பக்கம் உள்ள ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "ஊருக்குத்தானே போகிறோம், இனி யார் கேட்கப் போகிறார்கள்" என்று பில்லை அப்படியே விட்டுப் போவது. இங்கே நண்பர்கள் நான்கைந்து பேர் ஒரே ஃபேமிலி பிளானில் சேர்வது சகஜம். கணக்கு ஒருவர் பெயரில், அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் இருக்கும். போகிறவர் விட்டுச் செல்லும் 611 டாலர் நிறுவனத்தின் தலையில் விழுவதில்லை. கடன் வரலாறே இல்லாமல் வந்து இறங்கியவருக்குத் தன் பெயரைக் கொடுத்து உதவிய நண்பரின் தலையில் விழுகிறது. அவராலும் கட்ட முடியாமல் வசூல் நிறுவனத்துக்குப் போனால், 7 ஆண்டு வரை அவருடைய கடன் அறிக்கையில் நிற்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். நிறுவனத்தின் மேல் எவ்வளவு நியாயமான கோபம் இருந்தாலும் இதை நான் ஏற்க மாட்டேன்.

என் தீர்ப்பு இதுதான்: தவணை முறை இருக்கட்டும். 36 மாதத்தை 24-க்குள் கொண்டுவர வேண்டும். நாட்டை விட்டுப் போவதற்குச் சான்று காட்டுபவர் போனைத் திருப்பிக் கொடுத்து பாக்கியை முடிக்க வழி வேண்டும். முழுவதும் கட்டுபவருக்கு அன்றே அன்லாக் செய்து தர வேண்டும். கலிஃபோர்னியா சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேட்க, வாக்குரிமை பெற்ற தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.

அதுவரை, கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்பை நிறுத்துவதற்கு முன் உங்கள் எண்ணைக் காப்பாற்றுங்கள். துண்டித்த எண்ணை 45 நாள் கழித்து வேறொருவருக்குத் தர நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. உங்கள் வங்கியும் 401(கே) ஓய்வூதியக் கணக்கும் அனுப்பும் ஓ.டி.பி. அந்த அந்நியருக்குப் போகும். 20 டாலர் கட்டி எண்ணை கூகுள் வாய்ஸுக்கு மாற்றலாம். ஆனால் சில வங்கிகள் இணைய எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புவதில்லை. அதனால் வைஃபை அழைப்பு வசதியுள்ள மலிவான ப்ரீபெய்டு இணைப்புக்கு மாற்றுவது பாதுகாப்பு. எண் மாறியதும் பழைய இணைப்பு தானே மூடப்பட்டு, தவணை பாக்கி மொத்தமும் கடைசி பில்லில் வந்துவிடும். அந்தப் பணத்தை ஒதுக்கி வையுங்கள், போன் அன்லாக் ஆனதை உறுதி செய்துகொள்ளுங்கள், வங்கிக் கணக்கை எல்லாவற்றுக்கும் கடைசியில் மூடுங்கள்.