திரும்பத் தெரிந்த பரிசல்

எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. எங்களுக்கு வாய்த்த கப்பல் பரிசல்தான். மூங்கிலை வட்டமாக முடைந்து, அடியில் பிளாஸ்டிக் ஷீட் இழுத்துக் கட்டி, தார் பூசினால் கப்பல் ரெடி. அந்தக் காலத்தில் மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். பரிசலில் ஒரு விசேஷம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. எந்தப் பக்கம் துடுப்பு போடுகிறாரோ அந்தப் பக்கம் முன்பக்கம்.

போன மாதம் ஒகேனக்கல்லில் நானும் என் மனைவியும் ஒரு பரிசலில் ஏறினோம். கூடவே பெங்களூரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். பாறை இடுக்கில் நுழைந்து, அருவிச் சாரல் முகத்தில் தெறிக்க ஆரம்பித்த நேரம். பரிசல்காரர் துடுப்பை நிறுத்தினார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். சட்டென்று திருப்பிவிட்டார்.

“என்னாச்சுண்ணே?” என்றேன்.

“தண்ணி நெறம் மாறுதுங்க சார். மேல எங்கியோ மழை.”

இளைஞர்களில் ஒருவருக்குக் கோபம். “ஃபுல் அமவுன்ட் குடுத்திருக்கோம், பாதியில திருப்பினா எப்படி?” என்று எகிறினார். பரிசல்காரர் குரலை உயர்த்தவே இல்லை. “காசு கரையிலதான் இருக்குதுங்க. மொதல்ல கரைக்குப் போயிரலாம்.”

அன்று சாயங்காலமே பரிசல் ஓட்டக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. லாட்ஜ் அறையில் முடங்கினோம். பையில் மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றுமே பாய்மரப் படகில் உலகம் சுற்றக் கிளம்பியவர்களைப் பற்றியவை.

காவிரிக் கரையில் கடல் புத்தகம் எதற்கு என்பீர்கள். காரணம் இருக்கிறது. எனக்கும் என் மனைவிக்கும் ஒரு திட்டம். ஐம்பது வயதில் வேலைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு பழைய வேனை வாங்கிப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து, அதிலேயே குடியிருந்து ஒரு வருடம் இந்தியாவைச் சுற்றுவது. பி.காம். படித்தவன் திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? எக்ஸெல்லில் பதினான்கு காலம். டீசல் முதல் தீப்பெட்டி வரை. சேலத்தில் ஒரு வேனுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஊரெல்லாம் சொல்லியுமாயிற்று. என் நண்பர் ஒருவர், “இதெல்லாம் படிச்சா நாளைக்கே கிளம்பிடுவே” என்று இந்தப் புத்தகங்களைக் கொடுத்தார். படித்தேன். நண்பர் நினைத்தது நடக்கவில்லை.

இந்த வகைப் புத்தகங்களை ‘எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பு’ என்கிற வேதங்களாகவே விற்கிறார்கள். அட்டையில் அலை, பின்னட்டையில் விடுதலை. என் கட்சி வேறு. கிளம்புவதைப் பற்றி யார் வேண்டுமானாலும் நன்றாக எழுதிவிடலாம். திட்டம் உடைகிற இடம் வரும் பாருங்கள், அதை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் எழுத்தாளரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

முதலில் கதைச் சுருக்கம். 1968-ல் லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். முதலில் வருகிறவருக்குத் தங்க உலக உருண்டை. குறைந்த நாளில் முடிப்பவருக்கு 5,000 பவுண்டு. கிளம்பியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் ஒரே ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாள். அவருடைய ‘சுஹைலி’ நம் மும்பையில் தேக்கு மரத்தில் இழைத்து 1964-ல் தண்ணீரில் இறக்கிய 32 அடிப் படகு. மற்ற படகுகளோடு ஒப்பிட்டால் மாட்டுவண்டி. நடுக்கடலில் ஒழுக ஆரம்பித்ததும், மனிதர் கடலில் குதித்து மூழ்கி மூழ்கிப் பலகை இடுக்கை அடைத்திருக்கிறார். நடுவில் சுறா வந்தது. சுட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ்காரர்களின் அலட்டிக்கொள்ளாத எழுத்து எனக்குப் பிடிக்கும் என்றாலும், ‘நான் ஓட்டினேன், வந்து சேர்ந்தேன்’ என்பதற்கு மேல் அவரிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

அதே போட்டியில் இருந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் மொய்தெஸியே விஷயம் வேறு. 1925-ல் ஹனோயில் பிறந்து வியட்நாமில் வளர்ந்தவர். அவர் படகு ‘ஜோஷ்வா’, இரும்புப் படகு. பாய்மரத்துக்குத் தந்திக் கம்பத்தைப் பயன்படுத்தியிருந்தார். 1969 பிப்ரவரியில் தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைத் தாண்டிவிட்டார். இனி இங்கிலாந்துக்கு ஏறினால் 5,000 பவுண்டு அநேகமாக இவருக்குத்தான். என்ன செய்தார் தெரியுமா? கேப்டவுன் அருகே போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல் மீது கவண் வைத்துக் கடிதத்தை எறிந்தார். போட்டி வேண்டாம், பசிபிக்குக்கே போகிறேன் என்று. மறுபடி இந்துமகா சமுத்திரம், மறுபடி ஆஸ்திரேலியாவுக்குக் கீழே... 1969 ஜூனில் தாஹிதித் தீவில் கரை சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்றரை தடவை உலகத்தைச் சுற்றியிருந்தார்.

இதைத்தான் ‘த லாங் வே’ என்று எழுதினார். தனியாகக் கடலில் இருப்பதைப் பற்றி இதைவிட நல்ல பக்கங்களை நான் படித்ததில்லை. அலையின் சத்தம் மாறுவதை வைத்தே மனநிலையைச் சொல்கிறார். படித்துக்கொண்டிருக்கும்போது லாட்ஜ் கட்டில் லேசாக ஆடியது, சத்தியமாக. ஆனால் கடைசி மூன்றில் ஒரு பங்கில் மனிதர் சாமியாராகிவிடுகிறார். நாகரிகம், பணம், கான்கிரீட் எல்லாவற்றுக்கும் சாபம். அட போங்க சார் என்று தோன்றிவிடுகிறது.

எனக்கு உறுத்துவது அந்தப் பிரசங்கம்கூட இல்லை. அவர் மனைவி பிரான்சுவாஸ். சில வருடம் முன்புதான் இதே ஜோஷ்வாவில் அவரோடு தாஹிதியிலிருந்து கேப் ஹார்ன் வழியாக வந்தவர். அப்போது பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போனார்கள். இந்த முறை கரையில் காத்திருந்தார். கணவர் ஐரோப்பா பக்கம் வரப்போவதில்லை என்பது முடிவானபோது அவர் கையில் எந்தக் கவணும் இல்லை. குடும்பத்தைப் பற்றி அவர் எழுதாமல் இல்லை. ஆனால் கடல் பறவைகளுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மனம் மாறுவது மொய்தெஸியேவின் உரிமை. பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தை மட்டும் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார், அவ்வளவுதான்.

மூன்று புத்தகத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் கதை. அவர் எழுதியதில்லை, எழுத அவர் இல்லை. நிக்கோலஸ் டோமலின், ரான் ஹால் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் அவருடைய நோட்டுகளை வைத்து 1970-ல் எழுதினார்கள். போட்டி வைத்த அதே சண்டே டைம்ஸ் ஆசாமிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் புத்தகம் நேர்மையாக இருக்கிறது.

க்ரோஹர்ஸ்ட் கடலோடி அல்ல. எலெக்ட்ரானிக் சாமான் செய்யும் ஒரு சின்ன கம்பெனியின் முதலாளி. நான்கு குழந்தைகள். கம்பெனி நொண்டியடித்துக்கொண்டிருந்தது. போட்டியில் ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். தன் கம்பெனியில் பணம் போட்டிருந்தவரையே படகுக்கும் பணம் போட வைத்தார். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: பயணம் பாதியில் நின்றால் படகை இவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வீடும் அடமானத்தில் மாட்டியிருந்தது. இந்த ஷரத்தைப் படித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இது பயணத் திட்டமா சார்? திரும்பி வரும் வழியில் வெட்டி வைத்த குழி.

படகு அவசரத்தில் கட்டியது. கிளம்பலாம் என்று அனுமதித்திருந்த கடைசி நாளான 1968 அக்டோபர் 31 அன்று கிளம்பினார். முந்தின இரவு படுக்கையில் அழுதிருக்கிறார். சில வாரங்களிலேயே படகில் தண்ணீர் ஏறுவதும், இதை வைத்துக்கொண்டு தென் சமுத்திரத்துக்குப் போனால் சாவு நிச்சயம் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. நன்மை தீமைகளைத் தன் நோட்டில் வரிசைப்படுத்தி எழுதியே வைத்தார். திரும்பவில்லை. திரும்பினால் திவால்.

அப்புறம் செய்ததுதான் நம் வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. ரெண்டாம் நம்பர் நோட்டு. உண்மையில் இருக்கும் இடம் ஒரு கணக்கு. ரேடியோவில் சொல்வதற்கு இன்னொரு கணக்கு. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகத்தைச் சுற்றுவதாகச் சொன்னார். நடுவில் படகை ரிப்பேர் பார்க்க அர்ஜென்டினாவில் ரகசியமாகக் கரையும் ஏறினார். ஐடியா என்னவென்றால், மற்றவர்கள் திரும்பும்போது பின்னாலேயே வந்து கடைசியாக முடிப்பது. கடைசியாக வருகிறவனின் நோட்டை யார் ஆடிட் செய்யப்போகிறார்கள்?

ஆனால் மொய்தெஸியே போட்டியை விட்டுப் போய்விட்டார். க்ரோஹர்ஸ்ட் துரத்துகிறார் என்று நம்பி விரட்டி ஓட்டிய நைஜல் டெட்லியின் படகு, ஊர் நெருங்கும் நேரத்தில் 1969 மே மாதம் மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். இப்போது 5,000 பவுண்டுக்கு மிச்சம் இருப்பது, பொய் சொன்னவர்தான்! ஜெயித்தால் நோட்டை எல்லோரும் புரட்டுவார்கள். க்ரோஹர்ஸ்ட்டின் கடைசிக் குறிப்பு ஜூலை 1-ம் தேதி. ஜூலை 10-ல் ஒரு கப்பல் அவர் படகைக் கண்டுபிடித்தபோது அதில் ஆள் இல்லை.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டையும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஒரு வரிக்காக, மேலே அவரைப் பற்றி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

விடிய விடிய அருவிச் சத்தம். மூன்றாவது புத்தகத்தை எடுத்தேன். அதுதான் மருந்து. மூன்றிலும் மூத்தது. 1900-ல் வந்த ஜோஷ்வா ஸ்லோகமின் ‘செய்லிங் அலோன் அரௌண்ட் த வேர்ல்ட்’. மொய்தெஸியே தன் படகுக்கு வைத்திருந்தது இவர் பெயரைத்தான். ஸ்லோகம் பாய்மரக் கப்பல் கேப்டன். நீராவிக் கப்பல்கள் வந்து பிழைப்பைக் கெடுத்தன. ஒரு பழைய நண்பர், “உனக்கு ஒரு கப்பல் தருகிறேன் வா” என்றார். போய்ப் பார்த்தால் வயல் நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்திய ஓட்டைப் படகு. பெயர் ‘ஸ்ப்ரே’. புத்தக மதிப்பு பூஜ்யம். பதின்மூன்று மாதம் தானே உழைத்துப் புதுப்பித்தார். சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட் என்று எழுதியிருக்கிறார். அந்த 62 சென்ட்டைப் பார்த்ததும் எனக்கு ஆசாமி மேல் காதலே வந்துவிட்டது. கடிகாரம் ஒன்றரை டாலராம். முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்கு முடித்தாராம். அது நின்றுபோனால் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து ஓடவிட்டார். உலகத்தையே முதன்முதலாகத் தனியாளாகச் சுற்றி வந்தவரின் கடிகாரம் இது.

திட்டம் உடைகிற இடத்துக்கு வருவோம். 1895 ஏப்ரலில் பாஸ்டனில் கிளம்பியவர், அட்லாண்டிக்கைத் தாண்டி ஜிப்ரால்டருக்கு வருகிறார். அங்கிருந்து மத்தியதரைக் கடல், சூயஸ், கிழக்கு. இதுதான் பிளான். பிரிட்டிஷ் அதிகாரிகள், அந்தப் பக்கம் கொள்ளைக்காரர்கள் அதிகம், போகாதீர்கள் என்கிறார்கள். சரி என்று படகைத் திருப்பி, கடந்து வந்த அட்லாண்டிக்கையே மறுபடி கடந்து, மேற்குப் பக்கமாக உலகத்தைச் சுற்றக் கிளம்பிவிடுகிறார்! இதற்கு அவர் எடுத்துக்கொள்கிற இடம் கொஞ்சம்தான். கண்ணீர் இல்லை, தத்துவம் இல்லை. பஸ் மாறுவது மாதிரி. 1898 ஜூனில் 46,000 மைல் முடித்து ஊர் திரும்பினார்.

குறை இல்லாமல் இல்லை. மெகல்லன் ஜலசந்தியில் இரவு படகில் ஏற வந்த பூர்வகுடிகளைத் துரத்தத் தளத்தில் ஆணிகளைப் பரப்பி வைத்ததை ஜோக்காகச் சொல்கிறார். அந்த வெறும் கால்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. நம் நிறத்துக்காரர்களுக்கு அங்கே சிரிப்பு வராது. இவருக்கும் ஒரு மனைவி உண்டு, ஹெட்டி. அவரைத் தேடிக் களைத்துவிடுவீர்கள்.

நம்மவர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2013-ல் நிற்காமல் தனியாக உலகத்தைச் சுற்றி முடித்த முதல் இந்தியர். 2018-ல் அந்தப் பழைய போட்டியை, பழைய பாணிப் படகுகளோடு மறுபடி நடத்தினார்கள். சுஹைலியின் அச்சாகக் கோவாவில் கட்டிய ‘துரியா’வில் போனார். செப்டம்பரில் இந்துமகா சமுத்திரப் புயலில் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பும். நகர முடியாமல் படகில் கிடந்தவரை ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. படகைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார். மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டு, 2022-ல் அதே போட்டிக்குப் போய் 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். நம் பேச்சிலெல்லாம் அந்த இரண்டாம் இடம்தான் வருகிறது. எனக்கு துரியாவை விட்டு வந்த நாள்தான் நினைவில் நிற்கிறது. தூக்கிச் சென்றவர்களிடம் ‘இல்லை, முடித்துவிட்டுத்தான் வருவேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் 2023 இல்லை.

மறுநாள் காலை புத்தகங்களை மூடி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பதினான்கு காலத்தில் எதுவுமே ‘பாதியில் திரும்பினால்?’ என்று கேட்கவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். “நான் கேட்டேனே, நினைவிருக்கா? வீட்டைக் காலி பண்ணிட்டா, பிடிக்காம திரும்பி வந்தா எங்கே போய் இறங்கறதுன்னு?”

கேட்டிருக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்னால். நான்தான் அதை நெகட்டிவ் திங்க்கிங் என்று ஒதுக்கியிருந்தேன்.

வீட்டைக் காலி செய்யவில்லை. வேலைக்கு மூன்று மாதம் லீவு கேட்டிருக்கிறேன். வேன் வாடகைக்கு. முதலில் காவிரியோடு பூம்புகார் வரை. மற்றதெல்லாம் அங்கே உட்கார்ந்து யோசிப்பதாக ஏற்பாடு. சேலத்துக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டார். பத்தாயிரம் ரூபாய். வராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டேன்.