சிறைக்குள் ஒரு கல்லூரி

1994இல் கிளின்ரன் கையெழுத்திட்ட குற்றவியல் சட்டம், அமெரிக்கக் கைதிகளுக்கான பெல் கல்வி உதவிப்பணத்தை நிறுத்தியது. சிறைகளுக்குள் நடந்த கல்லூரி வகுப்புகளில் பெரும்பாலானவை அதோடு மூடப்பட்டன. நியூயோர்க்கின் பார்ட் கல்லூரி மாணவர் ஒருவர் 1999இல் தொடக்கிய சிறைக்கல்வித் திட்டம் அந்த வெறுமையில் முளைத்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான டானியல் கார்ப்போவிற்ஸ் 2017இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் ‘சிறையில் கல்லூரி’.

படித்த கைதி திரும்பவும் சிறைக்கு வருவது குறைவு, அரசுக்குச் செலவு மிச்சம். இத்திட்டங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் இது. கார்ப்போவிற்ஸ் அதில் சாய்ந்து நிற்க மறுக்கிறார். திருத்துவது சிறையின் பேச்சு. கல்லூரிக்குக் கற்பிப்பதே வேலை. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை அவர் வகுப்பில் வைத்துப் படிக்கும் பகுதியை நாம் இருமுறை வாசித்தோம். கைதிகளுக்கு இதையா கொடுப்பது என்று முகஞ்சுளிப்பவர்கள் அதை அவசியம் வாசிக்கவேண்டும்.

எமது மனக்குறை வேறு. மாணவர்களை ஆசிரியரின் வாய்வழியாகவே கேட்கிறோம். 2023 யூலையில் உதவிப்பணம் கைதிகளுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. பணம் தருபவர்கள் கணக்கும் கேட்பார்கள்: எத்தனைபேர் திருந்தினார்கள்? அதற்கு அந்த மாணவர்கள் தம் கையால் எழுதும் பதிலை இந்நூலில் தேடினோம். கிடைக்கவில்லை.