மீதி ஏழு மாதம்

கவிதை ஓர் ஆயுதம் என்று அறிவிப்பவர்களுக்கு ஆயுதங்களைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்கலாம். ஆயுதம் என்றால் இவர்களுக்குக் கூர் மட்டுமே. குத்தினால் போதும். ஜாவாவின் கிரிஸும் குத்துவாள்தான். ஆனால் இந்த எண்ணத்துக்கு அது இடம் தராது.

1222-ல் சிங்காசாரி அரசை நிறுவிய கென் ஆரோக்கின் கதை ‘பராரதோன்’ என்ற பழைய ஜாவானிய உரைநடை நூலில் இருக்கிறது. அரசனாகுமுன் அவன் கந்திரிங் என்ற கொல்லனிடம் ஒரு கிரிஸ் செய்யச் சொல்கிறான். நன்றாகப் பதம் வர ஒரு வருஷம் ஆகும் என்கிறான் கொல்லன். ஐந்து மாதம் என்று கெடு வைக்கிறான் இவன். (கெடு வைப்பவர்களின் தொனி எனக்குப் பழக்கம், பிழைப்பு அப்படி.) திரும்பி வரும்போது கந்திரிங் இன்னும் அராவிக்கொண்டிருக்கிறான். கென் ஆரோக் அதைப் பிடுங்கி அவனையே குத்துகிறான். கல் தொட்டிமேல் வீச, தொட்டி பிளக்கிறது, அடைகல்லும் பிளக்கிறது. இந்தக் கிரிஸால் ஏழு அரசர்கள் சாவார்கள் என்று சபித்துவிட்டுக் கொல்லன் சாகிறான்.

எல்லோரும் சாபத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த மீதி ஏழு மாதம்தான் முக்கியம். பதத்துக்காகத்தானே நாள் கேட்டான் என்று சொல்லலாம். முடியாத கிரிஸே அடைகல்லைப் பிளப்பதாகச் சொல்லி நூல் அந்த வழியை அடைத்துவிடுகிறது. கொலைக்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. கந்திரிங்குக்குப் பாக்கி இருந்தது.

கிரிஸின் நடுவில் எஃகு; கூர் அதில். இருபுறமும் இருவகை இரும்பை மடித்து மடித்து அடித்த அடுக்குகள். அராவ அராவ அடுக்குகள் வெட்டுப்பட்டு ரேகைகளாகின்றன. எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் தேய்த்தால்தான் அவை துலங்கும். இதற்குப் பாமோர் என்று பெயர். கொல்லன் திட்டமிட்டு வரவழைப்பது ரெகான். தானாக வந்து விழுவது திபான். இதை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. மேலே ஒட்டியதல்ல, சுரண்டினால் அடியிலிருந்து வேறு ரேகை வரும். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் இன்னும் பிய்த்துக்கொண்டிருக்கும் நம் விமர்சகர்கள் இங்கே எதிலிருந்து எதை உரிப்பார்கள்?

கதையில் அந்தக் கிரிஸை ஆசையோடு பார்த்தவன் கெபோ ஹிஜோ ஒருவன்தான். பிடி, முள்கூட நீக்காத மரம். ஆனாலும் இரவல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறான். கென் ஆரோக் அதைத் திருடி, துமாபெல் தலைவன் துங்குல் அமெதுங்கைக் கொன்று, மார்பிலேயே விட்டுவிட்டுப் போகிறான். கிரிஸ் யாருடையது என்பது ஊருக்கே தெரியும். கெபோ ஹிஜோவை அதே கிரிஸால் குத்திக் கொன்றார்கள்.