கொழுந்துக் கூடைக்கு எட்ட வேண்டிய தோள்: மீள்விலகலும் சத்திரசிகிச்சையும்

ஒருமுறை விலகிய தோள்மூட்டு மறுபடி விலகுமா என்பதைப் பெரும்பாலும் வயதே தீர்மானிக்கிறது. 20 வயதுக்குட்பட்டோரிடம் மீள்விலகல் மிக அதிகம். நாற்பதைக் கடந்தோரிடம் அது குறைவு. ஆனால் தசைநாண் கிழிந்திருக்கும் வாய்ப்புக் கூடுதல். மூட்டு பெரும்பாலும் முன்புறமாகவே நழுவும். கை உயர்ந்து வெளிப்பக்கம் திரும்பும் நிலை அதற்கு வழிவிடும். நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் கொழுந்தெடுப்பவர் முதுகுக் கூடைக்குள் கொழுந்தைப் போடத் தோளுக்கு மேலாகக் கையைக் கொண்டுபோவதும் ஏறக்குறைய இதே அசைவுதான்.

முறிவு நெறிவு வைத்தியர் மூட்டை ஏற்றிவிடலாம். உள்ளே கிழிந்த விளிம்பு அதனால் ஒட்டிவிடாது. கிண்ணக்குழியின் விளிம்பிலுள்ள அந்தக் கிழிசலை 1923இல் லண்டன் மருத்துவர் பாங்கார்ட் விவரித்து, அதை மீண்டும் எலும்போடு தைத்தார். இன்று அது பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே செய்யப்படுகிறது. அசைவு பெரிதும் குறையாதது இதன் சிறப்பு. ஆனால் அடிக்கடி விலகி, குழியின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முன்விளிம்பு எலும்பு தேய்ந்திருந்தால் தையல் மட்டும் தாங்குவது கடினம். அங்கே, லியோன் நகர மருத்துவர் லாத்தார்ஜே 1954இல் வெளியிட்ட முறை வலுவானது: தோள்பட்டையின் காக்கையலகு எலும்பு முனையைத் தசைநாணோடு வெட்டியெடுத்துக் குழியின் முன்னே திருகாணியால் பொருத்துவது. மீள்விலகல் குறையும்; ஆனால் நரம்புக் காயம், எலும்பு கரைதல், பிற்கால மூட்டுத் தேய்வு ஆகியவை அதற்கான விலை.

புட்டி-பிளாட் முறையோ முன்புறத் தசையை மடித்துச் சுருக்கித் தைப்பது. மீள்விலகலை மட்டும் எண்ணிய காலத்தில் அது நல்ல பெயர் எடுத்தது. வெளிப்புறச் சுழற்சி குறைந்ததும், ஆண்டுகள் கழித்து மூட்டு தேய்ந்ததும் பின்னரே உறைத்தன. விலகாத தோள் கூடைக்கு எட்டாவிட்டால் கொழுந்தெடுப்பவருக்கு அது வெற்றியல்ல. மீள்விலகல் விகிதத்தைப் போலவே கை எவ்வளவு எட்டுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தோட்டப் பகுதியிலேயே, இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையும் 2017இல் திறக்கப்பட்டது. ஆனால் பல வாரம் கையைத் தூளியில் கட்டி, மாதக்கணக்கில் பயிற்சி செய்து, பாரம் தூக்க நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பேர் விழுந்தால்தான், அதாவது அன்றைய வேலை பதிவானால்தான், சம்பளம் என்ற இடத்தில் அந்த நாட்களுக்கு யார் ஈடு தருவது? கவ்வாத்து வெட்டும் இளைஞருக்கு அடிக்கடி விலகுமானால் சத்திரசிகிச்சை செய்து அந்த மாதங்கள் காத்திருப்பது நியாயமே. தசைநாண் கிழியாத ஐம்பது வயதுக்காரருக்கு முதலில் பயிற்சி போதும். வலிப்பால் விலகும் தோளுக்கோ, வலிப்பைக் கட்டுப்படுத்தாமல் கத்தி வைப்பது வீண்.